கரிசல் வட்டாரத்தில் உண்ணிக் காய்ச்சல்: நோயாளர் வழக்குச் சொற்களும் மருத்துவச் சுருக்கங்களும்

ஆய்வுச் சுருக்கம்

ஸ்க்ரப் டைஃபஸ் என மருத்துவர் குறிப்பிடும் நோய் தமிழில் உண்ணிக் காய்ச்சல் என வழங்குகிறது. கோவில்பட்டியை நடுவாகக் கொண்ட கரிசல் வட்டாரத்தின் பேச்சுவழக்கில் உண்ணி, காடு, புண், காணாக்கடி முதலிய சொற்களுக்கு உள்ள பொருள், மருத்துவமனையில் அச்சொற்களுக்குக் கொள்ளப்படும் பொருளோடு பல இடங்களில் பொருந்துவதில்லை. ஓ.எக்ஸ்.கே., எலிசா, டாக்ஸி, பி.டி. போன்ற சுருக்கங்கள் நோயாளரை அடையும்போது வேறு பொருள் கொள்கின்றன. இப்பொருள் மாற்றங்களையும் அவற்றால் நோயறிதலில் நேரும் இடர்ப்பாடுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உண்ணிக் காய்ச்சல், கரிசல் வட்டார வழக்கு, மருத்துவச் சொல்லாக்கம், சுருக்கக் குறியீடு, காணாக்கடி.

முன்னுரை

உண்ணிகளால் பரவும் நோய்களுள் உலக அளவில் மிகுதியாகப் பேசப்படுவது லைம் நோய். 1975ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து லைம் என்னும் ஊரை ஒட்டிக் கண்டறியப்பட்டமையால் அப்பெயர் பெற்றது. அந்நோயாளரிடையே தனித்ததொரு குழூஉக்குறி வளர்ந்துள்ளது. நோயாளர் தம்மை 'லைமி' என்று சொல்லிக்கொள்வர். மருந்து உட்கொண்ட தொடக்க நாள்களில் உடல்நிலை மோசமாவதை 'ஹெர்க்ஸ்' என்பர். யாரிஷ், ஹெர்க்ஸைமர் ஆகிய இரு மருத்துவர் பெயரால் அமைந்த நெடிய கலைச்சொல்லின் சிதைவு அது. நோய்த்துன்பம் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிப்பதாக உணரப்படுவதால் ஒருவரோடொருவர் பேசிப் பழகிச் சொற்களைப் படைத்துக்கொள்ள அவர்களுக்குக் காலம் வாய்த்தது.

தமிழகத்தின் நிலைமை வேறு. இங்குக் காணப்படும் உண்ணிக் காய்ச்சல் சில நாள்களில் முற்றும். உரிய மருந்து கிடைத்தால் இரண்டு மூன்று நாள்களில் இறங்கும். கிடைக்காவிடின் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றைத் தாக்கி உயிரையும் பறிக்கும். இத்தகைய நோய் தனக்கென ஒரு நோயாளர் குழுவை உருவாக்குவதில்லை. குழு இல்லாத இடத்தில் குழூஉக்குறியும் தோன்றுவதில்லை. ஆகவே இந்நோயாளர் பேசும் சொற்கள் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன. ஒன்று, வீட்டிலும் வேலைக்காட்டிலும் முன்பே புழங்கிய சொற்கள். மற்றொன்று, மருத்துவமனையில் காதில் விழுந்த சுருக்கங்கள். இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதும் இடங்களே இக்கட்டுரையின் பொருள்.

உண்ணி என்னும் சொல்

உண் என்னும் வினையடியாகப் பிறந்து 'உண்பது' எனப் பொருள்படும் பெயர் உண்ணி. ஒட்டுண்ணி, ஊனுண்ணி, தாவரவுண்ணி என அறிவியல் தமிழிலும் இச்சொல் வளமாகப் பயின்றுவருகிறது. பேச்சுவழக்கிலோ அது மாட்டின் மடியிலும் நாயின் காதோரத்திலும் ஒட்டிக் குருதி குடித்து ஆமணக்கு விதைபோல் உப்பும் உயிரியையே குறிக்கும். மாட்டுண்ணி, நாயுண்ணி என்பன அதன் வகைகள். கால்நடைகளின் பின்னே திரிந்து பூச்சி பொறுக்கும் வெண்கொக்குக்கு உண்ணிக்கொக்கு என்று பெயர். தோலில் தோன்றும் சிறு முனைப்பைப் பாலுண்ணி என்பர். வேலியோரம் மண்டும் லந்தானாப் புதரும் உண்ணிச்செடி எனப்படும். இத்தனை பொருள்களும் கண்ணுக்குப் புலனாகும் பொருள்களே என்பது கருதத்தக்கது. உண்ணி என்றதும் கரிசல்வாசியின் மனத்தில் எழுவது விரலால் பிடுங்கி எறியக்கூடிய ஒன்று.

ஸ்க்ரப் டைஃபஸைப் பரப்புவது அதுவன்று. லெப்டோட்ராம்பிடியம் என்னும் பேரினத்தைச் சேர்ந்த நுண்ணுயிரியின் இளம்புழுவே அதனைப் பரப்புகிறது. அப்புழு ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அளவினது. வெறுங்கண்ணுக்கு எளிதில் தென்படாது. முதிர்ந்த நிலையில் எட்டுக் கால்களுடன் மண்ணில் வாழ்ந்து பிற பூச்சிகளின் முட்டைகளை உண்ணும் இவ்வுயிரி, ஆறுகால் இளம்பருவத்தில் மட்டுமே எலி முதலியவற்றின் உடலிலும், இடையில் அகப்பட்டால் மனித உடலிலும் ஏறும். அப்போதும் அது குடிப்பது குருதியன்று. தோலின் திசுநீரையே உறிஞ்சுகிறது. மாட்டுண்ணியும் இதுவும் ஒரே பெருவகுப்பைச் சேர்ந்தவை என்பதன்றி, நோயாளர் அறியவேண்டிய எந்தப் பண்பிலும் ஒத்தவை அல்ல.

இவ்வுயிரியின் நெருங்கிய உறவினம் ஒன்றைக் கரிசல் மக்கள் நன்கறிவர். முதல் மழைக்குப் பின் செம்பட்டுத் துணுக்குபோல் நிலத்தில் ஊர்ந்து திரியும் தம்பலப்பூச்சியே அது. மூதாய் எனச் சங்க இலக்கியமும், இந்திரகோபம் எனப் பிற்கால நூல்களும் சுட்டுவது அதனையே. அழகுக்காகப் புலவர் போற்றிய ஓர் உயிரியும் நோய் தரும் ஓர் உயிரியும் ஒரே குடும்பக் கிளையில் அடுத்தடுத்து நிற்பதைத் தமிழாசிரியர் அறிந்திருப்பது நன்று.

வேளாண் துறையின் தமிழ் இவ்விடத்தில் மருத்துவத் தமிழிலிருந்து பிரிகிறது. பயிரைத் தாக்கும் இதே வகுப்பு உயிரிகளை உழவர் பேன் என்றும் சிலந்தி என்றும் குறிப்பர். செம்பேன், மிளகாய்ச் செடியின் இலையைச் சுருட்டும் முரணைச்சிலந்தி ஆகியவை விளாத்திகுளம், எட்டயபுரம் பகுதிகளின் மிளகாய்க் காடுகளில் அன்றாடம் புழங்கும் பெயர்கள். ஆக, ஒரே வகுப்பைச் சேர்ந்த உயிரி பயிரில் இருந்தால் பேன் அல்லது சிலந்தி. மனிதனைக் கடித்தால் உண்ணி. இரு துறையினரும் கலந்து பேசியிருந்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்மையைச் சுட்டும் ஒரு சொல்லைத் தெரிந்திருக்க முடியும். சிற்றுண்ணி என்னும் ஆக்கம் சில நூல்களில் காணப்படினும் மக்கள் நாவில் ஏறவில்லை.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சி அளவில் நிற்பதன்று. 'உண்ணி கடிச்சுதா?' என்று கேட்கப்படும் ஒருவர், தம் உடலில் உப்பிய உண்ணி எதையும் கண்டதில்லையாதலால், 'இல்லை' என்பார். வீட்டில் மாடும் நாயும் இல்லாதவர், தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்பவர், கோவில்பட்டி நகர எல்லையில் புதர் மண்டிய காலிமனைக்கு அருகே குடியிருப்பவர் ஆகியோர் இந்நோய் தமக்குரியதன்று என எண்ணுவர். கால்நடை மருத்துவத்தில் மாடுகளுக்கு உண்ணியால் வரும் தைலேரியா முதலிய நோய்களையும் உண்ணிக் காய்ச்சல் என்று சுட்டுவதுண்டு. அதனை அறிந்தவர்க்கு இது மாட்டு நோய் என்ற எண்ணமே வலுப்படும்.

பிற நோய்ப்பெயர்களை ஒப்பிட்டால் பெயரிடுவோர் எதைப் பற்றிக்கொள்கின்றனர் என்பது விளங்கும். 1957இல் கருநாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் அறியப்பட்ட கே.எஃப்.டி., உண்மையிலேயே உண்ணியால் பரவுவது. ஆனால் மடிந்து விழுந்த குரங்குகளே முதலில் கண்ணில் பட்டமையால் கன்னடத்தில் 'மங்கன காயிலெ' என்றும் தமிழில் குரங்குக் காய்ச்சல் என்றும் பெயர்பெற்றது. எலிக்காய்ச்சல் நோயைச் சுமக்கும் விலங்கால் பெயர்பெற்றது. சிக்குன்குன்யா, தான்சானியாவின் மாக்கொண்டே மொழியில் உடல் வளைந்துபோதலைக் குறிக்கும் சொல். உண்ணியால் பரவும் நோய் குரங்கின் பெயரைப் பெற, உண்ணியால் பரவாத நோய் உண்ணியின் பெயரைப் பெற்றிருப்பது தமிழ் நோய்ப்பெயர் வரலாற்றின் ஒரு விந்தை எனலாம். இந்நோயின் கிருமிக்குச் சூட்டப்பட்ட ஓரியன்ஷியா சுசுகாமூஷி என்னும் பெயரில் ஜப்பானியர் இந்தச் சிக்கலுக்கே இடம் வைக்கவில்லை. சுசுகா என்பது நோய் அல்லது தீங்கு, மூஷி என்பது பூச்சி. தீங்குப்பூச்சி என்று சொல்லி நிறுத்திக்கொண்டனர்.

காடு எது?

ஸ்க்ரப் என்பது குற்றுப்புதர் நிலத்தைக் குறிக்கும் சொல். மலாயாவில் 1920களில் ஆய்வு செய்த வில்லியம் ஃபிளெட்சர் முதலியோர், கடைவீதிகளில் கண்ட டைஃபஸையும் புதர்நிலத்தில் உழைப்போரிடம் கண்ட டைஃபஸையும் வேறுபடுத்தி, முன்னதை ஷாப் டைஃபஸ் என்றும் பின்னதை ஸ்க்ரப் டைஃபஸ் என்றும் வழங்கினர். தென்னிந்தியத் தொழிலாளர் பெருமளவில் உழைத்த தோட்ட நாட்டிலேயே இப்பெயர் பிறந்தது என்பது தமிழ் வாசகர் அறியவேண்டிய செய்தி.

தமிழில் இதனை விளக்குவோர் பெரும்பாலும் 'காடு, புதர் சார்ந்த இடங்களுக்குச் செல்வோரைத் தாக்கும்' என எழுதுகின்றனர். பொதுத்தமிழில் காடு என்பது வனம். கரிசல் வழக்கில் அவ்வாறன்று. பருத்தியும் உளுந்தும் பாசியும் சோளமும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரிப் புஞ்சையே அங்குக் காடு. 'காட்டுக்குப் போயிருக்காக' என்றால் வயல்வேலைக்குச் சென்றிருக்கிறார் என்பது பொருள். கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட வட்டார வழக்குச் சொல்லகராதி இத்தகைய கரிசல் சொற்களைத் தொகுத்து அவற்றுக்கு ஓர் ஏட்டு மதிப்பைத் தந்தது. அவர் பிறந்த இடைசெவல் கோவில்பட்டியை அடுத்த சிற்றூர். காடு என்னும் சொல்லுக்கு மேலும் ஒரு பொருள் உண்டு. காலைக்கடனுக்காகப் புறவெளிக்குச் செல்வதையும் இடக்கரடக்கலாக இச்சொல்லால் குறிப்பர்.

ஆகவே வெளியூரிலிருந்து வந்த இளம் மருத்துவர் 'காட்டுப் பக்கம் போனீங்களா?' என்று கேட்டால் மூன்று விதமான விடைகள் கிடைக்கக்கூடும். வனம் என்று கொண்டவர் இல்லை என்பார். வேலை என்று கொண்டவர் 'தெனமும் போறோம்ல' என்று வியப்பார். மூன்றாவது பொருள் கொண்டவர் கூச்சத்தால் பேசாதிருப்பார். இம்மூன்றனுள் பின்னைய இரண்டுமே நோய்க்கு இடமளிக்கும் சூழல்கள் என்பதே இதில் அமைந்த முரண். வேலிக்கருவைப் புதர், ஓடைக்கரை, வரப்புப் புல் ஆகியவற்றில் எலிகளோடு இப்புழுக்களும் வாழ்கின்றன.

பருவமும் இதனோடு இயைகிறது. புரட்டாசியில் விதைத்து ஐப்பசி மழையில் முளைத்த கரிசல் பயிருக்குக் கார்த்திகையில் களையெடுப்பு நடக்கும். பெண்கள் நிலத்தில் குந்தியிருந்து களை பறிக்கும் காலம் அது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 2003இல் வெளியிட்ட ஆய்வுரை, தென்னிந்தியாவில் இந்நோய் குளிர்மாதங்களில் மிகுவதைச் சுட்டியது. 2024இன் இறுதியிலும் 2025இன் தொடக்கத்திலும் தமிழகப் பொதுச் சுகாதாரத் துறை இந்நோய் குறித்து விடுத்த எச்சரிக்கையும் அதே பருவத்தில் வெளிவந்ததே. 'களையெடுக்கப் போனீர்களா? புல்லறுத்தீர்களா? வரப்பில் உட்கார்ந்தீர்களா?' எனத் தொழிற்பெயர்களால் கேட்பது, காடு என்னும் பலபொருள் ஒருசொல்லால் கேட்பதைவிடத் தெளிவானது.

புண், பொருக்கு, காணாக்கடி

இந்நோயை அறிய மருத்துவர் தேடும் முதன்மைத் தடயம் எஸ்கார். புழு கடித்த இடத்தில் தோன்றும் கருநிறப் பொருக்கு அது. சுற்றிலும் சிவந்த விளிம்பு இருக்கும். சிகரெட்டால் சுட்டது போன்றது என்று மருத்துவ மாணவர்க்குக் கற்பிப்பர். கிரேக்க மொழியில் அடுப்பைக் குறித்த சொல்லிலிருந்து தீப்புண்ணின் பொருக்கைக் குறிக்க வந்தது எஸ்கார். இது எல்லா நோயாளரிடத்தும் தோன்றுவதில்லை. தோன்றும் இடமும் பெரும்பாலும் அக்குள், அரை, தொடையிடுக்கு, மார்பின் கீழ்ப்பகுதி என ஆடை மறைக்கும் இடமாகவே இருக்கும்.

'உடம்புல எங்கயாவது புண்ணு இருக்கா?' என்பதே வழக்கமான வினா. தமிழில் புண் என்பது வலியையும் சீழையும் உடன்கொண்டு வரும் சொல். புண்பட்ட நெஞ்சம் என்னும் தொடரிலும் வலியே பொருள். எஸ்கார் வலிப்பதில்லை, அரிப்பதில்லை, சீழ் கொள்வதில்லை. எனவே நோயாளர் இல்லை என்று சொல்வது பொய்யன்று. வினாவுக்கு அவர் தந்தது சரியான விடை. கண்ணில் பட்டாலும் பாலுண்ணி என்றோ பழைய காயத்தின் காய்ப்பு என்றோ ஒதுக்கிவிடுவர். மறைவிடத்தைக் காட்ட நாணும் பெண்களிடம் இது மேலும் சிக்கலாகிறது.

பொருக்கு என்னும் சொல் இங்கே கைகொடுக்கிறது. மழைக்குப்பின் காய்ந்து ஏடுகட்டிய மண்ணையும், ஆறிவரும் காயத்தின் மேலோட்டையும் ஒருங்கே குறிக்கும் சொல் அது. 'கறுப்பாப் பொருக்குத் தட்டியிருக்கா, சூடு போட்ட மாதிரி?' என்று கேட்டால் கரிசல் உழவருக்கு விளக்கம் வேண்டியதில்லை. கலைச்சொல்லாக்க நோக்கிலும் கரும்பொருக்கு என்பது எஸ்காருக்குப் பொருத்தமான தமிழ்ச்சொல்லாகவே தோன்றுகிறது.

நாட்டார் மருத்துவத்தில் காணாக்கடி என்றொரு நோய்ப்பகுப்பு உண்டு. இன்னதென்று தெரியாத பூச்சி கடித்ததால் உடலில் தடிப்பும் அரிப்பும் ஏற்பட்டது என்று கொள்வதைக் காணாக்கடி என்பர். இரவில் பாம்பைப் பெயர் சொல்லாது பூச்சி என்பதும், 'பூச்சி பொட்டு எதும் கடிச்சிருக்குமோ' என்று ஐயுறுவதும் இதனோடு சேர்ந்த வழக்குகள். கடித்தது கண்ணுக்குத் தெரியாதது, கடிக்கும்போது உணரப்படாதது, விளைவு நாள் கழித்து வெளிப்படுவது எனக் காணாக்கடி என்னும் கருத்து மருத்துவ உண்மைக்கு வியப்பூட்டும் அளவு நெருங்கி வருகிறது. ஸ்க்ரப் டைஃபஸில் கடிக்கும் காய்ச்சலுக்கும் இடையே ஆறு முதல் இருபத்தொரு நாள்வரை இடைவெளி உண்டு. உண்ணி என்னும் அரசு வழக்கைவிடக் காணாக்கடி என்னும் நாட்டார் வழக்கே உயிரியின் இயல்பைச் சரியாகப் பிடிக்கிறது என்று சொல்லலாம்.

எனினும் இச்சொல்லை அப்படியே எடுத்தாள்வதில் இடர் உண்டு. காணாக்கடிக்கு வழக்கமான தீர்வு மந்திரிப்பும் பச்சிலையும். அச்சொல்லைக் கேட்டவர் மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டுக்கே திரும்பக்கூடும். மேலும் அச்சொல்லின் மையப்பொருள் அரிப்பு, எஸ்காரோ அரிப்பற்றது. விளக்கத்துக்குத் துணையாகலாம், பெயராக ஆகாது.

டைஃபஸும் டைஃபாய்டும்

நோயாளர் செவியில் விழும் பிழைகளுள் பெருங்கேடு விளைக்கத்தக்கது இதுவே. டைஃபோஸ் என்னும் கிரேக்கச் சொல் புகையையும் மூட்டத்தையும் குறித்து, பின்னர்க் காய்ச்சலால் அறிவு மயங்கிய நிலைக்கு ஆனது. தமிழ் மருத்துவம் சன்னி என்றும் கரிசல் பேச்சு 'ஜன்னி கண்டுருச்சு' என்றும் சொல்வது ஏறக்குறைய அதே நிலையைத்தான். டைஃபஸ் போன்றது என்னும் பொருளில் டைஃபாய்டு என்ற பெயர் பின்னர் வந்தது. இரண்டும் வெவ்வேறு கிருமிகளால் வருபவை என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெளிவானது. பெயரின் ஒலியொற்றுமை மட்டும் நீடித்துவிட்டது.

டைஃபாய்டு தமிழக வீடுகள் நெடுங்காலமாக அறிந்த பெயர். டைஃபஸ் அறியாத பெயர். அறியாததை அறிந்ததாகக் கேட்பது செவியின் இயல்பு. 'டைபஸ்' என்று மருத்துவர் சொன்னது வீட்டுக்கு வரும்போது 'டைபாய்டு' ஆகிறது. உறவினர் இட்லியும் கஞ்சியும் கொடுத்து, காரத்தை நிறுத்திப் பத்தியம் காக்கின்றனர். பத்தியத்தால் கேடில்லை. கேடு மருந்தில் உள்ளது. டைஃபாய்டுக்குத் தரப்படும் செஃப்ட்ரையாக்சோன் வகை மருந்துகள் உயிரணுவுக்குள் வாழும் ஓரியன்ஷியாவின்மேல் பயன் தருவதில்லை. முன்னர்க் காய்ச்சலுக்கு என்ன சொன்னார்கள் என்று அடுத்த மருத்துவர் கேட்க, 'டைபாய்டுன்னாக சார்' என்று விடை வந்தால் அதே தவறான மருந்து தொடர வாய்ப்புண்டு. மருந்தின்றி விடப்பட்ட நோயாளரிடையே இறப்பு இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபடினும், பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் கண்ட இடைமதிப்பு 6 விழுக்காடு. உரிய மருந்தால் இது வெகுவாகக் குறைகிறது.

டெங்குவின் நிழலும் இங்கே படிகிறது. 2012இல் திருநெல்வேலி மாவட்டப் பகுதிகளில் டெங்கு பரவியபின் பிளேட்லெட் என்னும் சொல் தென்மாவட்ட வீடுகளில் புழங்கும் சொல்லாகிவிட்டது. தட்டணு என்னும் தமிழாக்கம் ஏடுகளோடு நின்றுவிட்டது. 'பிளேட்லெட் எறங்கிருச்சு' என்றால் டெங்கு என்பதே பொதுப்புரிதல். ஸ்க்ரப் டைஃபஸிலும் அவ்வணுக்கள் குறையும் என்பது அப்புரிதலில் இடம்பெறவில்லை. டெங்கு இல்லை என ஆய்வகம் சொல்லிவிட்டால் 'ஏதோ மர்மக் காய்ச்சலாம்' என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

சுருக்கங்களின் பயணம்

கோவில்பட்டியில் காய்ச்சல்காரர் செல்லும் வழியே சுருக்கங்களால் ஆனது. ஊர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் பி.எச்.சி.; நகரின் மாவட்டத் தலைமை மருத்துவமனை ஜி.எச்.; அங்கிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அது அமைந்த மேட்டுநிலத்தின் பெயராலேயே வழங்குகிறது. 'ஹைகிரவுண்டுக்கு எழுதிட்டாக' என்னும் தொடருக்கு நோய் முற்றிவிட்டது என்பதே உட்பொருள். அழைத்துச் செல்லும் ஊர்தி நூத்தியெட்டு. 2008இல் தமிழகத்தில் தொடங்கிய சேவையின் தொலைபேசி எண், ஆம்புலன்ஸ் என்னும் பெயரையே வழக்கிலிருந்து தள்ளிவிட்டு அவ்விடத்தில் அமர்ந்துள்ளது. இவையெல்லாம் மக்கள் தமதாக்கிக்கொண்ட சுருக்கங்கள், இவற்றால் குழப்பமில்லை.

ஆய்வகச் சீட்டிலுள்ள சுருக்கங்கள் அவ்வாறு வசப்படவில்லை. 1916இல் வைல், ஃபெலிக்ஸ் ஆகிய இருவர் உருவாக்கிய பரிசோதனை இன்றும் சிறிய ஆய்வகங்களில் வழக்கில் உள்ளது. அதன் முடிவு ஓ.எக்ஸ்.19, ஓ.எக்ஸ்.2, ஓ.எக்ஸ்.கே. என வரிசையாகத் தரப்படும். ஸ்க்ரப் டைஃபஸைச் சுட்டுவது ஓ.எக்ஸ்.கே. இதிலுள்ள ஓ என்பது மூச்சுப்படலம் இன்றி எனப் பொருள்படும் ஜெர்மானியத் தொடரின் முதலெழுத்து. கே என்பது கிங்ஸ்பரி என்பவர் பெயரின் முதலெழுத்து. அந்த நுண்ணுயிர்வகை இங்கிலாந்திலிருந்து மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டதோடு தொடர்புடைய பெயர் அது. நூறாண்டுக்கு முந்தைய இரு நாடுகளின் வரலாறு மூன்று எழுத்துகளில் உறைந்து கிடக்க, சீட்டைக் கையில் வைத்திருக்கும் நோயாளர் முதலெழுத்தையும் இறுதியெழுத்தையும் சேர்த்து 'ஓகே' என்று படிக்க இடமிருக்கிறது. நோய் உண்டு என்னும் முடிவு நலம் என்னும் பொருள் தருவது சுருக்கத்தின் கேடுகளுள் ஒன்று. 'பாசிட்டிவ்' என்பதற்கும் இதே நிலைதான். நல்லது என்னும் பொதுப்பொருளும் நோயுண்டு என்னும் ஆய்வகப்பொருளும் ஒரே சொல்லில் எதிரெதிராக நிற்கின்றன.

இப்போது பெரிய மருத்துவமனைகளில் நம்பப்படுவது ஐ.ஜி.எம். எலிசா. எலிசா என்னும் பெயர் தமிழ்ப் பொதுவாசகருக்கு அறிமுகமானது எச்.ஐ.வி. பற்றிய விழிப்புணர்வுக் காலத்தில். 1986இல் சென்னையில் அக்கிருமி கண்டறியப்பட்டபின் இதழ்களும் துண்டறிக்கைகளும் எலிசாவை அந்நோயின் சோதனையாகவே விளக்கின. உண்மையில் அது ஒரு சோதனைமுறையின் பெயரேயன்றி ஒரு நோயின் சோதனை அன்று. ஆயினும் பழைய பொருளோடு வளர்ந்த தலைமுறைக்கு, காய்ச்சலுக்கு எலிசா எடுக்கச் சொல்வது அச்சத்தையும் அவமான உணர்வையும் தரவல்லது. 'பூச்சிக்கடிக் காய்ச்சலுக்கான ரத்த டெஸ்ட்' என்று செவிலியர் ஒரு தொடர் கூடுதலாகச் சொன்னால் போதும்.

மருந்தின் சுருக்கம் வேறொரு வகையில் சுவையானது. டாக்ஸிசைக்கிளின் என்பதை மருத்துவர் டாக்ஸி என்பர். ஒலிப்பிலும் தமிழ் எழுத்திலும் அது வாடகை ஊர்தியோடு ஒன்றிவிடுகிறது. 'டாக்ஸி போடுங்க' என்று மருத்துவர் செவிலியரிடம் சொல்வதைக் கேட்ட உறவினர், நோயாளரை வேறிடம் அனுப்பப்போகிறார்கள் என்று கலங்க நியாயம் உண்டு. இந்த எளிய, விலை மலிந்த மருந்தே இந்நோயின் முதன்மைச் சிகிச்சை. இந்தியாவின் ஏழு மையங்களில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, கடுமையான ஸ்க்ரப் டைஃபஸில் டாக்ஸிசைக்கிளினையும் அசித்ரோமைசினையும் நரம்புவழி இணைத்துத் தருவது தனித்தனியே தருவதைவிட மேலானது எனக் காட்டியது.

மருந்துச்சீட்டின் இலத்தீன் சுருக்கங்களுள் பி.டி. என்பது நாளுக்கு இருமுறை, டி.டி.எஸ். என்பது மும்முறை. இவற்றை நோயாளர் படிப்பதே இல்லை. மருந்துக்கடையினர் உறையின்மேல் எழுதும் 1-0-1 என்னும் குறியே அவர்களுக்குப் புலப்படுகிறது. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. எழுத்தறியாதவரும் படிக்கும் இக்குறி எந்த மொழிக்கும் உரியதன்று என்பதே அதன் வலிமை. இதற்கு முன்பே தமிழில் வேளை என்னும் நல்ல அலகு இருந்தது. ரெண்டு வேளை, மூணு வேளை என்பதை எவரும் பிழையாகக் கொள்வதில்லை. 1848இல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பள்ளி தொடங்கிய சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அம்மரபு தொடர்ந்திருந்தால் மருந்துச்சீட்டில் வேளை இடம்பெற்றிருக்கும் என்று எண்ண இடமுண்டு.

குறியால் தீராத ஒன்று உள்ளது. ஏழு நாள் எழுதிய மருந்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்குகிறது. 'மேலுக்குச் சொகமாயிருச்சு' என்றால் கரிசல் வழக்கில் நோய் தீர்ந்தது என்பது முடிவு. மேல் என்பது இங்கு உடம்பு. அது சுடாவிட்டால் நோய் இல்லை. எஞ்சிய மாத்திரை அடுத்த காய்ச்சலுக்கென்று மாடக்குழியில் இருத்தப்படும். கோர்ஸ் என்னும் சொல்லை மருத்துவர் வற்புறுத்தினும் அது செவியில் தங்குவதில்லை. 'ஏழு நாளும் விடாம' என்பது தங்குகிறது.

மருத்துவமனையை விட்டுச் செல்லும்போது தரப்படும் சீட்டில் நோயின் பெயர் எஸ்.டி. என்றோ முழுப்பெயராகவோ ஆங்கில எழுத்தில் இருக்கும். அச்சீட்டு ஒரு துணிப்பையில் குடும்ப அட்டையோடு கிடந்து நைந்துபோவதுண்டு. இந்நோய் ஒருமுறை வந்தால் பின் வராது என்பதற்கில்லை. கிருமியின் வகைகள் பல, எதிர்ப்பாற்றலும் நீடிப்பதில்லை. அடுத்த கார்த்திகையில் மீண்டும் காய்ச்சல் கண்டால் சீட்டு இல்லாத நோயாளர் நாவில் என்ன பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்தே சிகிச்சையின் முதல்நாள் அமையும். 'போன வருசம் டைபாய்டு' என்பார்க்கு ஒரு வழி, 'மர்மக் காச்சல்' என்பார்க்கு ஒரு வழி. 'உண்ணிக் காச்சல் வந்துச்சு சார்' என்பவரிடம் மட்டும் மருத்துவர் கரும்பொருக்கைத் தேடுவார், டாக்ஸிசைக்கிளினை அன்றே தொடங்குவார். உயிரியல் நோக்கில் பிழையான அப்பெயரை மாற்ற முனைவதைவிட, அதனைச் சொல்லும்போதே 'மாட்டுண்ணி இல்ல, கண்ணுக்குத் தெரியாத உண்ணி' என்று ஒட்டிச் சொல்லும் வழக்கத்தைச் சுகாதாரப் பணியாளர் மேற்கொள்வதே இப்போதைக்கு நடைமுறைக்கு ஏற்றது.